எழுத இயலாப் பிள்ளையும் எழுத்தறிவிக்கும் நாமும்

ஆண்டுமலர் உருவாகும் காலத்தில் தலைமையாசிரியரின் மேசைமீது தாள்கட்டுகள் வந்து குவிவது வழக்கம். வகுப்பாசிரியர்கள் தேர்ந்து தரும் கட்டுரைகள் ஒரு கட்டு. தேறாதவை எனினும் பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதென்று உடன் அனுப்பப்படுபவை மற்றொரு கட்டு. இவ்விரண்டிலும் சேராத பிள்ளைகள் சிலர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். அவர்கள் தாள் எதுவும் தருவதில்லை. தந்தாலும் நான்கு சொற்களும் அழிப்பான் தேய்த்த கருமையுமே அதில் இருக்கும். "இவன் எழுத மாட்டான் ஐயா" என்று ஆசிரியர் கூறிவிடுவார். நாமும் தலையசைத்து அடுத்த தாளைப் புரட்டுவோம். முப்பது ஆண்டுகளுக்கு அணுக்கமாக நாம் அவ்வாறே தலையசைத்து வந்திருக்கிறோம். அது தவறு என்பதை இம்மலரின் வாயிலாகப் பெற்றோர்க்கும் உடன் பணியாற்றும் ஆசிரியர்க்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை வரைகிறோம்.

இவ்வெண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றிய இடம் சிராங்கூன் சாலையாகும். ஜொகூர் மாநிலத் தோட்டத்தில் வாழும் நமக்குச் சிங்கப்பூர் அயல்நாடாயினும், சிராங்கூன் என்றால் அடுத்த ஊர் என்ற எண்ணமே எழும். நம் பள்ளிப் பிள்ளைகளின் தந்தையர் பலர் விடியற்காலையில் பாலத்தைக் கடந்து அங்கு வேலைக்குச் செல்பவர்கள். சென்ற பள்ளி விடுமுறையில் உறவினர் வீட்டுத் திருமணத்தின்பொருட்டு நாம் அங்குச் சென்றிருந்தோம். மாலை வாங்குவதற்காகத் தேக்காச் சந்தைக்கு அருகிலுள்ள பூக்கடைகளின் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, "ஐயா, வணக்கம்!" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் நாரும் மல்லிகையுமாக நின்றார். நம்மிடம் மூன்றாம் வகுப்பில் பயின்ற மாணவர் அவர்.

முகத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டோம். காரணம் பெருமைக்குரியதன்று. ஒருமுறை அவரை 'கொய்யா' என்ற சொல்லை நூறு முறை எழுதச் செய்தோம். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னும் துணைக்கால் பின்னும் வரவேண்டும் அன்றோ? அவர் இரண்டையும் பின்னால் போட்டார். நூறு முறையும் அவ்வாறே போட்டார். நூறு முறை தவறாக எழுதிய பின்னர் அத்தவறு அவர் கைக்கு நன்றாகப் பழகிவிட்டது என்பதே நாம் அன்று கண்ட பயன். அந்நாளில் நாம் பயிற்சிக் கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவந்த இளம் ஆசிரியர். கல்லூரியில் இலக்கணமும் உளவியலும் பாடத்திட்டமும் கற்றோம். ஒரு பிள்ளையின் மூளை எழுத்தை வேறுவிதமாகக் கையாளக்கூடும் என்று அங்கு நாம் படித்ததாக நினைவில்லை. அவ்வாறு படித்திருந்தாலும், நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் அதை நினைத்துப் பார்த்திருப்போமா என்பதும் ஐயமே.

அவரோ நம்மீது எவ்விதக் கசப்பும் காட்டவில்லை. தேநீர் வாங்கித் தந்தார். அவர் கடையின் முன்பதிவுக் குறிப்பேடு திறந்திருந்தது. கோயிலுக்குச் செல்லும் மாலைக்கு ஒரு கோபுரக் கோடு, திருமண மாலைக்கு இரு வளையங்கள், மல்லிகைக்குப் புள்ளிகள், சாமந்திக்கு ஒரு சிறு சூரியன். பக்கத்தில் எண்கள். நாள், நேரம், முழம், விலை யாவும் பிழையின்றி இருந்தன. பெரிய முன்பதிவு என்றால் வாடிக்கையாளர் சொல்வதைக் கைப்பேசியிடம் தாம் திரும்பச் சொல்வார். அது தமிழ் எழுத்தாகவே திரையில் விழும். அவர் அதைச் சரிபார்த்து அனுப்புவார். "எழுதத்தான் வராது ஐயா, சொல்ல வரும்" என்றார். அவர் மூன்றாம் வகுப்பில் கதை சொன்னபோது வகுப்பே வாய்பிளந்து கேட்டது அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது. கதை சொல்லும் பிள்ளைக்கு எழுத வராது என்பதை நாம் முரணாகக் கருதி, அம்முரணுக்குச் சோம்பல் என்று பெயரிட்டோம்.

நிற்க. இதற்கு உலகம் இட்ட பெயர் வேறு. 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவன் அறிவுள்ளவன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கணக்கில் தேர்ந்தவன். ஆனால், எத்துணைக் கற்பித்தும் எளிய சொற்களைப் படிக்கவோ எழுதவோ அவனால் இயலவில்லை. டிஸ்லெக்சியா என்று இன்று வழங்கும் நிலையைப் பற்றிய தொடக்கக் குறிப்புகளுள் அது ஒன்று. ஒலியையும் அதற்குரிய எழுத்துவடிவையும் இணைக்கும் வேலை மூளையில் சிலர்க்கு இடர்ப்பட்டு நடைபெறுகிறது. அறிவுக் குறைவால் வருவதன்று. கண்பார்வைக் கோளாறும் அன்று. பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவது. எழுத்தறியும் திறனைவிட எழுதும் கையின் இயக்கமே இடர்ப்படுவோர் வேறு சிலர். அவர்கள் பென்சிலைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்துவர். நான்கு வரிக்குள் கை வலிக்கிறது என்பர். கவனம் ஓரிடத்தில் நில்லாத பிள்ளை கட்டுரையின் தொடக்கத்தையும் முடிவையும் எழுதி நடுவை விட்டுவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுள் சிலர் ஒரே பொருளைப் பற்றியே எழுத விரும்புவர். பேருந்து எண்களைப் பற்றி மட்டுமே எழுதுவேன் என்றால், பேருந்து எண்களைப் பற்றியே எழுதட்டுமே! எல்லா மூளையும் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டவை அல்ல என்னும் உண்மையை உலகம் இன்று மெல்ல ஏற்றுக்கொண்டு வருகிறது.

சிங்கப்பூர் இத்துறையில் நம்மினும் முன்னே நடந்திருக்கிறது. சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் 1991-ஆம் ஆண்டில் அமைந்தது. அந்நாட்டின் முதல் பிரதமராக இருந்த லீ குவான் யூ அவர்கள், தமக்கும் மிதமான டிஸ்லெக்சியா உண்டென 1996-இல் வெளிப்படையாகத் தெரிவித்தார். அதன்பின் 1998-இலும் 2000-இலும் அவருடைய நினைவுக் குறிப்புகள் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன என்பதை நம் பெற்றோர்கள் மனத்தில் இருத்த வேண்டும். 2012 முதல் அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் படிப்படியாக மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர்க்கென டிஸ்லெக்சியாத் துணைப்பாட வகுப்புகள் அமைக்கப்பட்டன. தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்தில் வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளும் உண்டு.

ஆயினும், அத்துணைப்பாட வகுப்புகள் ஆங்கில வாசிப்புக்கு உரியவை. தமிழ்ப் பிள்ளை ஒருவனுக்கு எழுத்தில் இடர்ப்பாடு என்று கண்டறியப்பட்டால், தாய்மொழிப் பாடத்திலிருந்தே விலக்குப் பெறும் வழியும் அங்கு உண்டு. இவ்வழியை நாம் குறைகூற முன்வரவில்லை. ஒரு மொழியின் எழுத்தையே பிடிக்க இயலாது திணறும் பிள்ளையின் தலைமீது இரண்டாவது மொழியின் எழுத்தையும் ஏற்றுவது கொடுமை என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. சில பிள்ளைகட்கு அது தேவையாகவும் இருக்கலாம். எனினும், அந்தக் கதவு திறந்திருப்பதாலேயே நாம் முதலில் அதன் வழியே பிள்ளையை வெளியே அனுப்பிவிடக் கூடாது என்பது நம் கருத்து. தமிழ் எழுத வராத பிள்ளைக்குத் தமிழ் வராது என்று ஆகிவிடாது. சிராங்கூன் பூக்கடையில் நாளெல்லாம் தமிழில் வணிகம் நடத்தும் அந்த மனிதர்க்கு நாம் பள்ளியில் தமிழில் தோல்வி மதிப்பெண் இட்டோம். யாருடைய தோல்வி அது?

நம் இலக்கண நூலார் இதனை நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. எழுத்து என்னும் சொல்லே ஒலிக்கும் உரியது, வரிவடிவுக்கும் உரியது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் பெரும்பகுதி ஒலிகளின் பிறப்பையும் புணர்ச்சியையுமே பேசுகின்றது. கையால் வரையும் கோடு அதன் பின்னரே. நாமோ வகுப்பறையில் அவ்வரிசையைத் தலைகீழாக்கி, கோடு சரியாக வராத பிள்ளைக்கு ஒலியும் இல்லை, சொல்லும் இல்லை, எண்ணமும் இல்லை என முடிவு கட்டிவிடுகிறோம்.

தமிழ் எழுத்து இத்தகைய பிள்ளைகட்கு எவ்விடத்தில் இடர் தருகிறது என்பதை ஆசிரியர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். 'கெ' என்று ஒலிக்கும்போது முதலில் வருவது மெய்யொலி, பின்னரே உயிரொலி. எழுதும்போதோ உயிரின் அடையாளமான கொம்பை முதலில் எழுதிப் பின்னர்க் ககரத்தை எழுதுகிறோம். 'கொ' என்பதில் ஓர் உயிரின் அடையாளமே இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. நமக்கு இது பழகிப்போய்விட்டதால் விந்தையாகத் தோன்றவில்லை. காதால் கேட்ட வரிசையில் கையால் எழுத முயலும் பிள்ளைக்கோ இது பெரும் புதிர். 'கொய்யா'வில் கொம்பைப் பின்னால் போட்ட சிறுவர் உண்மையில் ஒலியின் வரிசைக்கு நேர்மையாக இருந்தார் என்பதை அறிய நமக்கு இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் முதலில் ககரத்தைத் தட்டிப் பின்னர் எகரத்தைத் தட்டினால் கொம்பு தானே உரிய இடத்தில் போய் நிற்கிறது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த அவ்விசைப்பலகை, தன்னை அறியாமலே இப்பிள்ளைகட்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. கையால் எழுதத் திணறும் பிள்ளையைத் தட்டெழுதச் சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகளிடம் நாம் கண்ட மாற்றம் வியப்பூட்டுவது.

இன்னும் உண்டு. கல், பகல், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது, எழுத்து ஒன்றே. ல, ள, ழ மூன்றையும் தோட்டப்பேச்சில் நாம் வேறுபடுத்தி ஒலிப்பது அரிது. ர, ற இரண்டும் அவ்வாறே. இவற்றில் எல்லாப் பிள்ளைகளும் தவறுவர். வேறுபாடு யாதெனில், ஏனைய பிள்ளை இரண்டு மாதத்தில் தேறிவிடும். இப்பிள்ளையோ நேற்றுச் சரியாக எழுதிய சொல்லை இன்று புதிதாகக் கண்டதுபோல் விழிக்கும். "நேற்று எழுதினாயே, இன்று என்ன கேடு?" என்று நாம் வெகுள்வது இவ்விடத்திலேதான். எட்டு வயதிற்குப் பின்னும் இந்நிலை தொடருமாயின், முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்யுங்கள். அவை நன்றாக இருப்பின், அரசு மருத்துவமனையிலோ மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சிறப்புக் கல்விப் பிரிவிலோ மேற்கொண்டு வழி கேளுங்கள். பள்ளி உடன் வரும்.

எழுத்துவடிவம் மாற்ற இயலாத தெய்வ ஆணை என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்றுள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கியவர் 18-ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். 1935-இல் பெரியார் தம் குடி அரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்று ணா, றா, னா, ணை, லை முதலான பதின்மூன்று எழுத்துகளின் தனிவடிவங்களை நீக்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அவ்வழியே வந்தன. நாம் முதல் வகுப்பில் பயின்ற காலத்தில் லை என்பதற்கு யானைத் துதிக்கைபோல் வளைந்த வடிவமே இருந்தது. அத்துதிக்கை வராமல் நாம் அழுதது இன்றும் நினைவிருக்கிறது. இன்று அந்தத் துதிக்கையும் இல்லை, அதற்காக அழும் பிள்ளையும் இல்லை. தமிழ் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. பிள்ளைகளின்பொருட்டு எழுத்தே வளைந்து கொடுத்திருக்கும்போது, எழுதும் முறையை நாம் சற்று வளைக்கக் கூடாதா?

இனி, நம் முன்னோர் வழி ஒன்றைக் கூறுவோம். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லிக் கற்றனர். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இதனைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் பள்ளியில் கையாண்டு, 1797-இல் இங்கிலாந்தில் நூலாகவும் வெளியிட்டார். 1930-களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் ஆகியோர் வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகட்கென வகுத்த முறையும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. கண்ணால் காணல், காதால் கேட்டல், வாயால் சொல்லல், விரலால் தடவல் ஆகிய நான்கையும் ஒருங்கே சேர்ப்பதே அதன் சாரம். விசயதசமியன்று அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோம். ஒரே நாளோடு அதை முடித்துவிட்டு மறுநாள் பென்சிலைக் கையில் திணித்துவிடுகிறோம். நம் பள்ளியில் இவ்வாண்டு பழைய ரொட்டித் தட்டு ஆறில் ஆற்றுமணல் பரப்பி, புதன்கிழமை மாலைகளில் எட்டுப் பிள்ளைகளை அமர்த்தினோம். ஒரு நாளைக்கு ஓரெழுத்துக் குடும்பம் மட்டுமே. முதலிரண்டு வாரம் மணல் வகுப்பறை முழுதும் பரவியதே கண்ட பலன். துப்புரவு செய்யும் அம்மையார் நம்மைக் கடிந்துகொண்டதும் உண்மை. ஐந்தாம் வாரத்தில் மூவர் கொம்பையும் காலையும் இடம் மாறாமல் போட்டனர். இருவர்க்கு இன்னும் வரவில்லை. ஆயின் அவ்விருவரும் ஒரு புதன்கிழமையும் தவறவில்லை.

எழுத்துவடிவப் பயிற்சி ஒருபுறம் நடக்கட்டும். அது முடியும்வரை அப்பிள்ளையின் கதைகளும் எண்ணங்களும் காத்திருக்க வேண்டுமா? காத்திருக்க வேண்டியதில்லை. சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்பது தமிழில் மிகப் பழைய வழக்கம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் பாடல்களை வாயால் சொல்லிச் செல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டு வருவர் என்பதை அவர்தம் மாணவராகிய உ. வே. சாமிநாதையர் தம் நூல்களில் விரிவாகப் பதிந்திருக்கிறார். எழுத்தாணி பிடித்தவர் மாணவர் என்பதற்காக அப்புராணங்களை மாணவர் இயற்றியவை என்று எவரும் கூறியதில்லை.

அவ்வளவு உயரம் ஏன் செல்ல வேண்டும்? நம் தோட்டத்துப் பாட்டன்மார் ஊருக்கு எழுதிய கடிதங்களை எழுதியவர் யார்? பள்ளி வாத்தியாரும் கிராணியும் அல்லவா? சிங்கப்பூர் வீதிகளிலும் ஒருகாலத்தில் மேசை போட்டு அமர்ந்த கடிதம் எழுதுவோர் உழைப்பாளிகளின் சொற்களைக் கூலி பெற்று எழுதித் தந்தனர். "அம்மாவுக்கு மகன் எழுதிக்கொண்டது" என்று தொடங்கிய அக்கடிதம் மகனுடைய கடிதமாகவே ஊரில் படிக்கப்பட்டது. தாய் கண்ணீர் விட்டாள். எழுதிய கை யாருடையது என்று அவள் கேட்கவில்லை. இன்று ஒரு பிள்ளை சொல்ல ஆசிரியர் எழுதினால் மட்டும் அதனை ஏமாற்று என்கிறோம்.

ஆகவே நம் ஆசிரியர்கட்கு நாம் கூறிய முறை இது. இடர்ப்படும் பிள்ளை முதலில் தன் கதையைச் சொல்லட்டும், தான் பேசும் மொழியிலேயே சொல்லட்டும். சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப்பின் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தந்தனர். வீட்டில் பேசும் தமிழ் பள்ளியில் நுழையத் தடை இல்லையெனில் பிள்ளையின் நா கட்டவிழும் என்பதே அதன் பின்னுள்ள எண்ணம். எழுத்துநடைமேல் பற்றுக்கொண்ட நமக்கு அது முதலில் உவப்பாக இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. இன்று நம் எண்ணம் மாறியிருக்கிறது. பிள்ளை சொன்னதை ஆசிரியர் அவ்வாறே எழுதி, பிள்ளைக்குப் படித்துக்காட்ட வேண்டும். பின்னர் அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைப் பிள்ளை தானே எழுதட்டும். அடுத்த வாரம் இரண்டு. தன் சொல்லைத் தானே எழுதும்போது வரும் ஊக்கம், கரும்பலகையிலிருந்து பெயர்த்தெழுதும்போது வருவதில்லை. திருத்தும்போது ஒருமுறைக்கு ஒருவகைப் பிழையை மட்டும் காட்டுங்கள். இவ்வாரம் கொம்பு என்றால் கொம்பு மட்டும். லகர ளகரம் அடுத்த மாதம் காத்திருக்கட்டும். தாள் முழுதும் சிவப்பு மையால் குருதி பாய்ந்ததுபோல் ஆக்கினால் எந்தப் பிள்ளை மறுபடி எழுத வரும்? நாம் சிவப்பு மையைக் கைவிட்டுப் பென்சிலால் குறிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது.

மாணவச் செல்வங்களே, இதைப் படிக்கக் கேட்கும் உங்களுள் எவர்க்கேனும் எழுதுவது மலையெனத் தோன்றினால் உங்கட்கும் சில சொல்வோம். எழுதுமுன் படம் வரையுங்கள். நான்கு கட்டங்களில் நான்கு படம் வரைந்தால் கட்டுரையின் நடுப்பகுதி காணாமற்போகாது. குறுகிய வாக்கியம் எழுதுங்கள். ஐந்து சொல் போதும். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினால் திருத்த இடம் இருக்கும், கண்ணும் களைக்காது. கை வலித்தால் நிறுத்திச் சற்று நேரம் கழித்து எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். கண் தவறவிட்டதைக் காது பிடித்துவிடும். எழுத்துப்பிழை பார்க்க நண்பனைத் துணைக்கு அழைப்பதில் வெட்கம் வேண்டா. அச்சிடும் ஒவ்வொரு நூலுக்கும் மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அறிவீர்களா?

பெற்றோர்க்கு ஒன்று கூறியாக வேண்டும். இரவு ஒன்பது மணி வரை துணைப்பாட வகுப்புக்கு அனுப்பினால் இது தீர்ந்துவிடும் என்று எண்ணாதீர். பகலெல்லாம் திணறிய பிள்ளையை இரவிலும் அதே முறையில் திணற வைப்பதால் விளைவது வெறுப்பே. அண்ணனோடும் அக்காளோடும் ஒப்பிடுவதை விடுங்கள். நாள்தோறும் பதினைந்து நிமிடம் நீங்கள் படித்துக்காட்டுங்கள், பிள்ளை கேட்கட்டும். படிக்க வராத தாய்மார் கதை சொல்லலாம். இவ்வாண்டு தர அட்டையில் கையொப்பமிட வந்த தந்தை ஒருவர், தம் மகனைப் பற்றி நாம் விளக்கியபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "எனக்கும் அப்படித்தான் ஐயா. நான் மூன்றாம் வகுப்போடு நின்றதற்கு அதுதான் காரணம். யாரிடமும் சொன்னதில்லை" என்றார். அவர் கையொப்பமிட எடுத்துக்கொண்ட நேரம் அதன் பொருளை நமக்கு விளக்கிற்று. அன்றிலிருந்து புதன்கிழமைகளில் மணல் கொணர்ந்து தருபவர் அவரே.

நம் நாட்டில் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வுக்கு ஆயத்தம் செய்ய வேண்டியிருப்பதால் பின்தங்கிய பிள்ளைக்கு நேரமில்லை என்று நாம் முன்பு கூறிவந்த காரணம் இன்று செல்லாது. தோட்டப்பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது என்று வருந்துகிறோம். வகுப்பில் பத்துப் பிள்ளைகளே அமர்ந்திருக்கும் நிலையை வருத்தத்தோடு மட்டும் நோக்காமல், ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் அமரக் கிடைத்த வாய்ப்பாகவும் நோக்கலாம் அன்றோ? நாற்பது பேர் இருந்த வகுப்பில் நாம் ஒருவரை இழந்தோம். பத்துப் பேர் உள்ள வகுப்பில் ஒருவரை இழந்தால் நமக்கு என்ன சமாதானம் இருக்கிறது?

இம்மலரின் மூன்றாம் ஆண்டுப் பகுதியில் 'எங்கள் வீட்டு ஆடு' என்றொரு கதை இடம்பெற்றிருக்கிறது. அதன் கீழே சொன்னவர் பெயர் பெரிய எழுத்திலும், எழுதியவர் பெயர் சிறிய எழுத்திலும் அச்சாகியிருக்கும். எழுதியவர் நாமே. ஆடு வேலியைத் தாண்டி "விரைந்து சென்றது" என்று எழுதி, அச்சுக்கு அனுப்புமுன் அச்சிறுவனுக்குப் படித்துக்காட்டினோம். அவன் முகம் சுருங்கிற்று. "நான் அப்படிச் சொல்லலையே ஐயா. அது ஓடிப்போச்சுன்னுதானே சொன்னேன்" என்றான். நாம் எழுதியதை அடித்துவிட்டு, அவன் சொன்னவாறே எழுதி, மறுபடி படித்துக்காட்டினோம். இம்முறை சரி என்றான்.